பதினொன்று ஐம்பத்தெட்டு

ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறுகிறார்
அடெலினோ ரெபெலோ,
கட்டடப் பராமரிப்பு, இரவுப் பணி.
கீழே நூற்றுச் சொச்சம் நாடுகள்
கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு
அண்ணாந்து பார்க்கின்றன.

நள்ளிரவோடு கெடு முடிகிறது.
ஒப்பந்தம் முடியவில்லை.
ஆகவே நள்ளிரவு வர வேண்டாம் என்றார் தலைவர்.
ஆட்சேபம் இல்லை.
பன்னிரண்டு நாளில்
எல்லோரும் ஒருமனதாய்ச் சொன்னது அது ஒன்றுதான்.

கடிகாரத்தின் முதுகைத் திறந்தார்.
சுண்டுவிரல் அளவு பாட்டரி. உருவிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
ஜெனீவாவின் வியாழக்கிழமை
இப்போது அவர் பையில்,
சிகரெட் லைட்டரோடு உரசிக்கொண்டு.

*

தகராறு மீனைப் பற்றியது.
மீன் என்றால் மீன் அல்ல,
தூரக்கடலுக்குப் போகும் பெரிய கப்பல்களுக்கு
அரசுகள் ஊற்றும் டீசல்.
இந்த நேரத்துக்கு டீசலும் அல்ல,
ஐந்தாம் பிரிவின் கடைசிச் சொல்:
'கூடாது' என்று முடிப்பதா
'இயன்றவரை தவிர்க்கும்' என்று முடிப்பதா.

ஒத்துவராத சொல்லைச்
சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது இங்கே வழக்கம்.
பத்தொன்பது பக்கம்,
எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறி.
எட்டப் பிடித்துப் பார்த்தால்
வலை விரித்த மாதிரியே இருக்கிறது.
மீன்தான் இல்லை.

ஃபன்ட்டா ஜார்ஜு, காம்பியா.
தூதுக்குழு என்றால் அவர் ஒருவர்தான்:
தலைவரும் அவரே, நிபுணரும் அவரே,
நகல் எடுக்க ஓடுபவரும் அவரே.
ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் கூட்டம்.
ஓர் அறையில் கோட்டையும்
இன்னோர் அறையில் சால்வையையும்
நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு
மூன்றாவதில் தான் உட்கார்ந்தார்.

மணி இரண்டு இருக்கும்.
இருக்கக் கூடாது, ஆனாலும் இருக்கும்.
சிற்றுண்டி வந்தது, சால்மன் வைத்த ரொட்டி.
கடித்த பிறகுதான் நினைவு வந்தது.
பண்ணைச் சால்மன். அதற்கு இரை மீன்தூள்.
மீன்தூளுக்கு போங்கா,
மத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை,
முள் அதிகம், விலை குறைவு.
ஆலை வருவதற்கு முன்
சான்யாங் கடற்கரையில்
நியிமா போஜாங்கின் புகையடுப்பில்
அடுக்கடுக்காய்ப் பொன்னிறத்தில் கிடந்தது.
இப்போது படகிலிருந்து இறங்கும் கூடை
நேரே ஆலை வாசலுக்குப் போகிறது.
அவர்கள் கொடுக்கும் விலையை
நியிமாவால் கொடுக்க முடியாது.

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
ஃபன்ட்டா கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.
பிறகு விழுங்கினார்.
பசி.

சான்யாங்கில் அலைக்கு யாரும் ஏணி வைக்கவில்லை.
அதுபாட்டுக்கு வந்தது, அதுபாட்டுக்குப் போனது.
அடிவானத்தில் கப்பல்களின் விளக்கு
கல்யாண வீடு போல.
கரையில், கவிழ்த்த கூடையின் மேல்
நியிமா.

*

விடியலில் கைதட்டல்.
'இயன்றவரை' ஜெயித்தது.
அதற்கு ஈடாக முன்னுரையில்
கரையோர மக்கள்மீது ஆழ்ந்த அக்கறை
ஒன்று சேர்க்கப்பட்டது.
ஃபன்ட்டா போய்க் கோட்டை எடுத்துக்கொண்டார்.
சால்வையைக் காணோம்.

அடெலினோ மறுபடி ஏறி
பாட்டரியைப் போட்டு
ஆறே முக்கால் மணிநேரத்தை
ஒரு விரலால் தள்ளிக் கடந்தார்.

நள்ளிரவுக்குப் பிந்தைய வேலைக்கு
இரட்டைச் சம்பளம் உண்டு. படிவத்தை நீட்டினார்.
கணக்குப் பிரிவில் இருந்த பெண் நல்லவள்,
வருத்தத்தோடுதான் சொன்னாள்:
கூட்டக் குறிப்பின்படி
ஒப்பந்தம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது.
நேற்று நள்ளிரவு வரவே இல்லையே, ஐயா.

அவர் வாதாடவில்லை.
பன்னிரண்டு நாளாய்க் குப்பைக்கூடையில்
அந்தக் காகிதங்களை அள்ளிய கை.
பேனாவைக் கேட்டு வாங்கி,
தொடங்கிய நேரம் பதினொன்று ஐம்பத்தெட்டு,
முடிந்த நேரம் பதினொன்று ஐம்பத்தெட்டு
என்று எழுதி
இரண்டையும் நிதானமாகச்
சதுர அடைப்புக்குறிக்குள் போட்டார்.